பன்னிரண்டு வீட்டு அபார்ட்மென்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது சம்ப்

பெங்களூரில் இந்திராநகர், அல்சூர், காக்ஸ் டவுன் பக்கம் பழைய தனிவீடுகளை இடித்துவிட்டு எழும்பும் சின்ன அபார்ட்மென்ட்களில் வீடு தேடும் நம் ஆட்களுக்காக இந்தப் பதிவு. கீழே தூண்கள் மட்டும் நிற்கும் கார் பார்க்கிங் தளம் (ஸ்டில்ட்), மேலே நாலு மாடி, மாடிக்கு மூன்று வீடு. 'பொட்டிக்' என்று பெயர் வைத்து விற்கிறார்கள். இறங்கினால் காய்கறிக் கடை, நடக்கிற தூரத்தில் மெட்ரோ, எதிரே இருப்பவர் யார் என்று தெரிந்த அக்கம்பக்கம். நிஜமாகவே நல்ல வாழ்க்கை. ஆனால் வாங்கப் போகிறவர்கள் லாபியையும் மாடுலர் கிச்சனையும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது தரைக்குக் கீழே இருக்கிறது: சம்ப் என்கிற தண்ணீர்த் தொட்டி.

சின்னக் கட்டடத்தில் இதெல்லாம் முக்கியமாகக் காரணம் எளிய வகுத்தல் கணக்கு. 200 வீட்டுக் கட்டடத்தில் ஒரு மோட்டார் எரிந்தால் யாருக்கும் தெரியாது. இங்கே எல்லாச் செலவையும் 12ஆல் வகுக்க வேண்டும். லிஃப்ட், ஜெனரேட்டர், செக்யூரிட்டி, பொது கரண்ட், தண்ணீர் எல்லாம் சேர்ந்து மாதம் 90,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு 7,500. இரண்டு வீடு விற்காமல் பூட்டிக் கிடந்து அந்தப் பங்கு வராமல் போனால் மற்றவர்களுக்கு 9,000. அதனால் விற்காத வீட்டுக்கு பில்டர் மெயின்டனன்ஸ் கட்டுவாரா என்பதை அக்ரிமென்ட்டில் எழுதி வாங்குங்கள். 7,500ஐத் தாண்டினாலே ஜிஎஸ்டி என்று சிலர் பயமுறுத்துவார்கள். அசோசியேஷனின் வருட வசூலும் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் அது. 12 வீட்டுக் கட்டடம் பெரும்பாலும் அந்த வரம்பைத் தாண்டாது.

இனி சம்ப். வாட்ச்மேனிடம் சொல்லி மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தலைக்கு 135 லிட்டர், வீட்டுக்கு நாலு பேர் என்றால் 12 வீட்டுக்கு ஒரு நாளைக்கு 6,480 லிட்டர் வேண்டும். பல இடங்களில் காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான், அதுவும் சில மணி நேரம். ஆக இரண்டு நாளுக்கு 13,000 கையில் இருக்க வேண்டும். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்றால் 24,000 லிட்டர் என்று காகிதத்தில் போடுவார்கள். மேலே நிரம்பாத இடம், கீழே மோட்டார் பைப்பின் அடிமுனை வால்வு (ஃபுட் வால்வு) உறிஞ்ச முடியாத தண்ணீர் இரண்டையும் கழித்தால் கைக்கு வருவது சுமார் 18,000தான். பத்தாயிரம் லிட்டர் சம்ப் உள்ள கட்டடத்துக்கு 12,000 லிட்டர் டேங்கர் வந்தால் முழு லோடும் இறங்காது. காசு மட்டும் முழு லோடுக்கும் போகும்.

இன்னும் இரண்டு விஷயம் கவனியுங்கள். காவேரி பைப்பும் போர்வெல் பைப்பும் ஒரே அறையில் விழுகிறதா, நடுவில் தடுப்புச் சுவர் இருக்கிறதா? ஒன்றாகக் கலந்தால் உப்புப் படிந்து ஷவர் அடைக்கும், கீசர் காயில் போகும். சுவரில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தால் கலக்கிறார்களா என்று விசாரியுங்கள். அடுத்தது மூடி. அது தரைமட்டத்திலேயே இருந்தால் கார் கழுவிய தண்ணீரும் மழைத் தண்ணீரும் நேராக உள்ளே போகும். சுற்றிலும் குறைந்தது ஆறு அங்குலம் உயர்த்திக் கட்டியிருக்க வேண்டும். 2024 கோடையில் போர்வெல்கள் வற்றியபோது மாவட்ட நிர்வாகம் டேங்கருக்கு விலை நிர்ணயிக்கும் அளவுக்கு நிலைமை போனது: ஐந்து கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய். அதே வருடம் அக்டோபரில் தொடங்கிய காவேரி ஐந்தாம் கட்டம் முக்கியமாக நகரின் வெளிவட்டத்தில் உள்ள 110 கிராமங்களுக்கானது. 'இனி தண்ணிப் பிரச்சனையே இல்லை' என்று புரோக்கர் சொன்னால் நம்பி உட்கார வேண்டாம்.

லிஃப்ட்டில் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) எந்த வகை என்று கேளுங்கள். உதிரிபாகம் சேர்ந்ததா, சர்வீஸ் மட்டுமா? சர்வீஸ் மட்டும் என்றால் ஒரு எலக்ட்ரானிக் போர்டு போனாலும் 12 வீடும் கையிலிருந்து காசு போட வேண்டும். ஸ்டில்ட் தெருவைவிடத் தாழ்ந்திருந்தால் மழையில் லிஃப்ட் குழிக்குள் தண்ணீர் இறங்கும். பலத்த மழை அன்று லிஃப்ட்டை மேல் மாடியில் நிறுத்தி மெயினை அணைத்துவிடுவதுதான் பாதுகாப்பு. இதை வாட்ச்மேனுக்கு முதல் நாளே சொல்லி வையுங்கள்.

பார்க்கிங் தகராறு இந்தக் கட்டடங்களில் அடிக்கடி வரும். இடம் பற்றாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கார் நிற்கும் ஸ்டாக் பார்க்கிங் வைக்கிறார்கள். மேல்தட்டுக் கார் இறங்க வேண்டுமானால் கீழ்க் கார் வெளியே போக வேண்டும். மேலும் கீழும் ஒரே வீட்டுக்கு ஒதுக்கியிருந்தால் சரி. இரண்டு வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால் காலை எட்டரை மணிக்குச் சண்டை நிச்சயம். உங்கள் கார் எஸ்யூவி என்றால் கீழ்த்தட்டின் உயரத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள், தகட்டில் எழுதியிருக்கும் எடை வரம்பையும் படியுங்கள். ஸ்டில்ட் பார்க்கிங் பொது இடம், அதைத் தனியாக விற்க பில்டருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே சொல்லிவிட்டது. 'பார்க்கிங்குக்கு தனியா இவ்வளவு' என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

சத்தத்தை ஞாயிறு காலையில் போய்ப் பார்த்துப் பயனில்லை. சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்குப் பெட்ரூமில் ஜன்னலைச் சாத்திவிட்டு பத்து நிமிடம் நில்லுங்கள். குடியிருப்புப் பகுதியில் ராத்திரி 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்பது 2000ஆம் ஆண்டு விதி. பப்பில் அதிரும் பாட்டுச் சத்தம் அதை மதிப்பதில்லை. ஸ்லைடிங் ஜன்னலில் எவ்வளவு கனமான கண்ணாடி போட்டாலும் தண்டவாள இடுக்கு வழியாகச் சத்தம் வரும். ரப்பர் கேஸ்கெட் வைத்து அழுத்திச் சாத்தும் கதவு ஜன்னலும் லேமினேட்டட் கண்ணாடியும்தான் ஓரளவு தடுக்கும்.

காகிதத்தில் ஏ காத்தாவும் (விதிப்படி உள்ள சொத்துக்கான மாநகராட்சிப் பதிவு) ஓசியும் (குடியேறலாம் என்ற சான்றிதழ்) கட்டாயம். அனுமதி மூன்று மாடிக்கு, கட்டியது நாலு என்றால் ஓசி வராது. ஓசி இல்லாமல் கரண்ட், தண்ணீர் இணைப்பு தரக்கூடாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. இதைவிடச் சின்னதாக, 60க்கு 80 அடி சைட்டில் எட்டு வீடு என்றால் நிலம் சுமார் 446 சதுர மீட்டர். 500 சதுர மீட்டருக்குள்ளும் எட்டு வீட்டுக்குள்ளும் அடங்குவதால் ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவே தேவையில்லை. ரெரா சட்டத்தில் ஐந்து வருடத்துக்குள் தெரியும் கட்டுமானக் குறையை, எழுதிக் கொடுத்த 30 நாளில் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். பதிவில்லாத கட்டடம் என்றால் அதே வாசகத்தை, அதே ஐந்து வருடத்தை, சேல் அக்ரிமென்ட்டிலேயே ஒரு ஷரத்தாகப் போடச் சொல்லுங்கள். மறுத்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.