கைவேலை நகைக்கு மட்டும் செய்கூலி கிடையாதா?

தங்க நகைக்கடை பில்லை எடுத்துப் பாருங்கள். தங்கத்தின் விலை தனி, செய்கூலி தனி, சேதாரம் தனி, எல்லாவற்றுக்கும் மேல் ஜிஎஸ்டி. சேதாரத்தில் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள் என்போம். அவர்களும் குளிர்பானம் கொடுத்து, கால்குலேட்டரைத் தட்டி, ஏதோ குறைத்ததாகக் காட்டுவார்கள். செய்கூலியே தர முடியாது என்று யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. ('செய்கூலி, சேதாரம் இல்லை' என்று விளம்பரம் செய்கிறவர்களும் ஆசாரியிடம் சும்மா வேலை வாங்குவதில்லை. அந்தப் பணம் வேறெங்கோ ஏறியிருக்கும்.)

அதே நாம்தான், வீட்டிலிருந்து பட்டுநூல் வளையல் செய்து இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கும் பெண்ணிடம், "வெறும் நூலும் பசையும்தானே, இதற்கா 350 ரூபாய்?" என்று கேட்கிறோம்.

கேட்பவர்கள் மேல் எனக்குப் பெரிய கோபமில்லை. விற்கும் நம் தோழிகள் மேல்தான் கோபம். இந்தக் கேள்விக்குப் பயந்து, பொருள் விலையோடு முப்பது நாற்பது ரூபாயைச் சேர்த்து விலை போட்டுவிடுகிறார்கள். கேட்டால், "வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் செய்வதுதானே" என்கிறார்கள். காலையில் டிபன், மதியம் சமையல், சாயங்காலம் பிள்ளைகளின் வீட்டுப்பாடம் என்று ஓடுகிற பெண்ணுக்குச் சும்மா இருக்கிற நேரம் எங்கிருந்து வந்தது? தூக்கத்திலிருந்து எடுத்த நேரம் அது.

ஒரு வளையலில் என்ன வேலை இருக்கிறது என்று செய்தவர்களுக்குத்தான் தெரியும். நூல்கண்டிலிருந்து இருபது இழை போல ஒன்றாக எடுத்து, முறுக்கு விழாமல் நீவி, பிளாஸ்டிக் வளையலின் உள்பக்கம் பசை தடவிச் சுற்றத் தொடங்க வேண்டும். ஒரு சுற்று மேல் இன்னொரு சுற்று ஏறினால் மேடு தட்டும், இடைவெளி விட்டால் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் பல்லிளிக்கும். பசை கொஞ்சம் கூடினால் நூலில் கறையாகத் தெரியும், அதை மறைக்க வழியே இல்லை, பிரித்துவிட்டு மறுபடி சுற்ற வேண்டியதுதான். பிறகு குந்தன் கல், ஓரத்தில் குட்டி உருண்டைகள் கோத்த பால் செயின் (ball chain), எல்லாம் பல்குத்தும் குச்சி முனையால் பசை வைத்து ஒட்டுவது. ஒரு ஜோடிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். 60 ரூபாய்ப் பொருளைப் போட்டு ஜோடி 100 ரூபாய்க்கு விற்றால், மணிக்கு 27 ரூபாய்கூட வரவில்லை. இதில் பெட்டி, பபிள் கவர், புகைப்படம் எடுத்த நேரம், "அக்கா, இதில் வேறு கலர் இருக்கிறதா?" என்று இரவு பதினொரு மணிக்கு வரும் செய்திக்குப் பதில் சொன்ன நேரம் எதுவும் சேரவில்லை.

இன்னொன்றும் பாருங்கள். இதே கல்லையும் மணியையும் ரவிக்கையில் வைத்துத் தைத்தால் அது ஆரி வேலை. கல்யாண ரவிக்கைக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள், நாமும் கொடுக்கிறோம். ஏனென்றால் ஆரி வேலை செய்பவர்கள் வேலைக்குத்தான் காசு என்பதைத் தொடக்கத்திலிருந்தே சொல்லிவிட்டார்கள். கைவேலை நகை செய்பவர்கள் சொல்லவில்லை.

ஒருத்தி குறைத்து விற்றால் அது அவளோடு போகட்டும் என்று விடவும் முடியாது. கணவர் சம்பளத்தில் வீடு ஓடுகிறவர் பொழுதுபோக்காக 100 ரூபாய்க்கு விற்கும்போது, அந்த வருமானத்தில்தான் பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டும் என்றிருக்கும் பெண்ணும் அந்த விலைக்கே இறங்க வேண்டியிருக்கிறது.

விலையைக் கூட்டச் சொல்கிறேன் என்பதற்காக எதையும் சொல்லி விற்கலாம் என்று அர்த்தமில்லை. கடையில் பட்டுநூல் என்று கிடைப்பது பெரும்பாலும் பட்டே அல்ல, செயற்கை இழை எம்பிராய்டரி நூல். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். மொத்தக் கடையில் வாங்கிய அச்சு நகையைக் கைவேலை என்று போடாதீர்கள். சிதம்பரம் கவரிங்குக்கு ஒரு விலை, நாகர்கோவில் வடசேரியில் செய்யும் 'டெம்பிள்' நகைக்கு ஒரு விலை, சுடுமண் ஜிமிக்கிக்கு ஒரு விலை. எது எது என்று தெரிந்து வாங்க வருபவர்கள் இருக்கிறார்கள். காதில் போடும் கொக்கியில் மட்டும் காசைப் பார்க்கவே கூடாது. மலிவான கொக்கியில் இருக்கும் நிக்கல் பலருக்கு அரிப்பையும் புண்ணையும் கொண்டுவரும். ஒருமுறை காது புண்ணானவர் உங்கள் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார்.

வளையல் அளவு ஒரு தனிக் கதை. 2.4 என்றால் இரண்டே கால் அங்குலம். புள்ளிக்குப் பின்னால் இருப்பது பதினாறில் எத்தனை பங்கு என்ற கணக்கு. 2.6 என்பது 2.375 அங்குலம், 2.8 என்பது சரியாக இரண்டரை. இது தெரியாமல் ஸ்கேலை வைத்து உள்விட்டம் அளந்து, 2.4 அங்குலம் வருகிறது என்று 2.4 சைஸ் கேட்பவர்கள் ஏராளம். வளையல் கையில் ஏறாது, பழி உங்கள் மேல். அளவுப் படத்தைப் பக்கத்தின் மேலேயே போட்டு வையுங்கள். புடவைக்குப் பொருத்தமான நிறம் கேட்டால் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் வாங்குங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் மயில் கழுத்து நிறமும் ராமர் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும்.

சொல்லிச் செய்யும் பொருளுக்குப் பாதிப் பணமாவது முன்பணம் இல்லாமல் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். பார்சல் வந்த பிறகு பணம் என்ற ஏற்பாடும் வேண்டாம். வாங்காமல் திருப்பி அனுப்பினால் இரண்டு பக்க கூரியர் செலவும் உங்கள் தலையில்.

ஜிஎஸ்டி என்று பயமுறுத்துபவர்களுக்காக ஒரு வரி: தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்று, ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாதவர்கள் பெரிய ஆன்லைன் தளங்களில் விற்கவும் 2023 அக்டோபர் முதல் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை, ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் (enrolment number) வாங்கினால் போதும். சிறுதொழில் செய்பவர்களுக்கான உத்யம் பதிவும் அரசுத் தளத்தில் இலவசம்தான். அதற்குக் காசு கேட்பவர் இடைத்தரகர்.

ஆவணி முகூர்த்தங்களுக்கான ஆர்டர் ஆடி பாதியிலேயே வரத் தொடங்கிவிடும். விலையை ஏற்றுவதென்றால் அதற்கு முன்பே ஏற்றிவிடுங்கள். சீசன் நடுவில் ஏற்றினால் பழைய வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொள்வார்கள், அந்தக் கோபம் நியாயமானதும்கூட.