ஊருக்கு ஒரு வீட்டையாவது விட்டுவையுங்கள்

செட்டிநாட்டுப் பழைய வீட்டைப் பிரித்தெடுத்த தேக்குத் தூண்களை ஏற்றிக்கொண்டு நின்ற அந்த லாரி படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் கீழே ஒருவர், "பழைய வீட்டை மியூசியமாக்கினால் சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு எத்தனை லைக்! எனக்கு மனசு ஆறவே இல்லை.

மதுரை திருமலை நாயக்கர் மகாலையும் இப்படித்தான் பெயர்த்தார்கள். 1636-இல் கட்டியது. பேரன் சொக்கநாதர் காலத்தில் பாதிக்கு மேல் திருச்சிக்குப் போய்விட்டது என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாண ஆளுநர் நேப்பியர் பிரபு பழுதுபார்த்ததால்தான் மிச்சமாவது நின்றது. ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனை தொல்லியல் துறை கையில் அருங்காட்சியகமாக இருப்பதால்தான், சேதுபதிகள் காலத்துச் சுவரோவியங்களை என் மகளால் கிட்டப் போய்ப் பார்க்க முடிந்தது. ராஜா வீட்டுக்கு ஒரு நியாயம், நம் வீட்டுக்கு ஒரு நியாயமா? ஊருக்கு ஒரு வீட்டையாவது அருங்காட்சியகமாக்குங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

"செலவை யார் பார்ப்பது?" சரியான கேள்விதான். ஒரே வீட்டுக்குப் பல புள்ளிகள், அதாவது பங்குள்ள குடும்பங்கள், ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு பூட்டு. ஓடு மாற்றவே சிங்கப்பூரிலிருந்து ஒரு கையெழுத்து வரவேண்டும். அதனால்தான் எல்லா வீட்டையும் சொல்லவில்லை.

ஹோட்டலாக்கலாமே என்கிறார்கள். ஆக்கட்டும். ஆனால் ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் வண்ணம் ஊற்றித் தரைக்கல் வார்க்கிறவரின் பிள்ளை, தன் தாத்தா வார்த்த தரையை எங்கே போய்ப் பார்க்கும்?

காரைக்குடி பழைய சாமான் கடை ஒன்றில், போன பொங்கலுக்கு ஒரு பித்தளைத் தூக்கைக் கையில் எடுத்தேன். விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. யாரோ ஒரு ஆச்சியின் கல்யாணத்துக்கு அவர் அப்பச்சி ஆசையாக வாங்கிப் பரப்பிய சாமான். கடைக்காரர் தராசில் வைத்து விலை சொன்னார். 2014-லிருந்து செட்டிநாடு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. இருந்து என்ன, லாரி நிற்கவில்லையே.

"கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு வளவுப் பேச்சு, பூர்வீக வீட்டுப் பேச்சு எதற்கு?" என்று உள்பெட்டியில் ஒருவர். சொந்தக்காரர்தான். நான் பங்கு கேட்டேனா? நான் நடை பழகியது அந்த வளவில். சித்திரை வெயிலிலும் சில்லென்று இருக்கும் அந்தச் சுண்ணாம்புச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டுதான் அப்பத்தாவிடம் கதை கேட்டேன். அதைக் காப்பாற்றச் சொல்ல எனக்கு யார் அனுமதி வேண்டும்?

அண்ணன்மாரே, முன்னோருக்குப் படைக்கும் அடுத்த படைப்புக்குக் கூடும்போது இதையும் பேசுங்கள். எந்த வீடு, சாவி யாரிடம், எந்தெந்தச் சாமான் உள்ளே இருக்கவேண்டும் என்று முடிவு செய்யுங்கள். ஓடு மாற்றும் செலவுக்கு முதல் பணம் நான் தருகிறேன்.