ரேடியேட்டர் போயாச்சு, குழாய் மட்டும் நிக்குது

அறையைச் சூடாக்கும் வெந்நீர் ரேடியேட்டரைக் கழற்றுவது சின்ன வேலை. தரையிலிருந்து முளைத்து நிற்கும் அந்த இரண்டு 15 மி.மீ. செம்புக் குழாய்தான் உயிரை வாங்கும். வால்வைத் திருகிவிட்டு அப்படியே விட்டுப் போகிறவர்களை என்ன சொல்ல? தெர்மோஸ்டாட் வால்வு அறை வெப்பத்துக்கேற்பத் தானே திறந்து மூடுவது; அதை உறைபனிக் குறியில் (மிகக் குறைந்த நிலையில்) வைத்தாலும் நிரந்தர அடைப்பு அல்ல. அறை ரொம்பக் குளிர்ந்தால் தானே திறந்துகொள்ளும், தரையெல்லாம் கறுப்புத் தண்ணீர். வால்வு வாயில் ஓர் உலோக மூடியாவது போட்டிருக்க வேண்டாமா?

சரி, வெட்டி அடைக்கலாம் என்றால் முதலில் தண்ணீரை வடிக்கணும். குழாய்க்குள் ஈரம் இருந்தால் சால்டர் (உருக்கி ஒட்டும் உலோகப் பற்று) பிடிக்காது. அழுத்திச் செருகும் மூடி சுலபம்தான். ஆனால் பழைய பெயின்ட்டைச் சுரண்டாமல், வெட்டிய விளிம்பின் பிசிறைத் தேய்க்காமல் செருகினால் உள்ளே இருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கிழிந்து கசியும். இருகுழாய் அமைப்பில் (வெந்நீர் வர ஒன்று, திரும்ப ஒன்று) இரண்டு முனையையும் ஒன்றாகக் கோத்துவிடும் மேதைகளும் உண்டு: வெந்நீர் குறுக்கு வழியில் திரும்பிவிடும், மற்ற ரேடியேட்டர்கள் சில்லென்று கிடக்கும்.

மூடியை, கிளை பிரியும் டீ (T) இணைப்புக்குப் பக்கத்திலேயே போடுங்கள். முனை அடைத்த நீளமான முட்டுக்குழாயில் காற்றும் துருச்சேறும் தேங்கும். திரும்ப நிரப்பும்போது துருத்தடுப்பு மருந்தும் சேர்த்து, அழுத்தமானி முள் இறங்கவில்லை என்று பார்த்த பிறகே தரையை மூடணும். டைல்ஸ் ஒட்டுபவர் அவசரப்படுத்துவார். காத்திருக்கட்டும்.