ஏஐ வந்ததால்தான் இந்த வேலைக்கு ஆள் வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடி கூட்டத்தில் நடந்தது இன்னும் மனசை அறுக்கிறது. சட்டம் படிக்கிற மாணவி, "மனித உரிமை வேலைக்கு வரணும், என்ன கத்துக்கணும்?" என்று கேட்டார். "ஏஐ வந்துடுச்சும்மா, இனி வீடியோவை எவன் நம்புவான்? வேற வேலை பாரும்மா" என்று மேடையிலிருந்து பதில். அதற்குக் கைதட்டல் வேறு.

ஐயா, ஏஐ வந்ததால்தான் ஆள் வேண்டும். முதல் நாளே ஆதாரத்தைக் காப்பாற்றத் தெரிந்த ஆள்.

புளியந்தோப்பிலோ காசிமேட்டிலோ ஒரு பையனை போலீஸ் ராத்திரியில் தூக்கிப்போனால் எதிர்க்கடை கேமராவில் அது பதிவாகியிருக்கும். ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் டிவிஆர் (கேமரா படத்தைச் சேமிக்கும் பெட்டி) பழைய பதிவின் மேலேயே எழுதிவிடும். பல கடைகளில் 15 நாள்கூடத் தாங்காது. அதனால் அழிக்க வேண்டாம் என்று தேதி, நேரம் போட்டு முதல் நாளே கடைக்காரருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். டிவிஆர் கடிகாரம் எத்தனை நிமிடம் முன்னே பின்னே ஓடுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். இதை விட்டால் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்வோம். திரையைப் போனில் படம் பிடிக்கவே கூடாது. ஃபைலை அப்படியே பென் டிரைவில் எடுத்து அங்கேயே ஹாஷ் எண் போட வேண்டும். அது ஃபைலின் கைரேகை மாதிரி; ஃபைலில் துளி மாறினாலும் எண் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஹாஷும் மாறிவிடும். மின்னணு ஆதாரத்தோடு கோர்ட்டில் கொடுக்க வேண்டிய, பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63(4) சான்றிதழில் அந்த எண் வேண்டும். கருவிக்குப் பொறுப்பானவர், நிபுணர் இருவர் கையெழுத்தும் வேண்டும்.

"ஹாஷ் போட்டால் பொய் வீடியோ உண்மையாகிடுமா?" ஆகாது. எடுத்த பிறகு ஃபைல் மாறவில்லை என்று மட்டுமே அது சொல்லும். அதற்கு முந்தையதைக் காட்ட அந்த டிவிஆரும், நேரில் பார்த்தவர்களும் வேண்டும். பயந்து கிடக்கிற அவர்களைப் பேசவைக்க எந்த மென்பொருளும் வராது.

ஸ்டேஷன் கேமரா பதிவை 18 மாதம், முடியாவிட்டால் ஒரு வருடமாவது வைக்க வேண்டும் என்று 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. "கேமரா ரிப்பேர்" என்றால் அந்தப் பதிலையே எழுத்தில் கேளுங்கள். மனித உரிமை ஆணையத்துக்கும் சம்பவம் நடந்த ஒரு வருடத்துக்குள் போயாக வேண்டும். போலீஸ் சொல்வதை ஏழை எதிர்த்துக் கேட்க முடியாத ஊரில் ஓட்டுரிமை மட்டும் இருந்து என்ன பயன்?

"வெளிநாட்டுக் காசுக்காகத்தான் இந்த வேலை" என்பவர்களோடு பேச நேரமில்லை.

உண்மையில் வலிப்பது வேறு. கொருக்குப்பேட்டையிலிருந்து சட்டம் படித்து வருகிற பிள்ளைகளை ஃபைல் தூக்கவைத்து பஸ் காசு கொடுத்து அனுப்புகிறோம். சென்னையில் ஜூனியர் வக்கீலுக்கு மாதம் 20,000 ரூபாயாவது தர வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2024-இல் சொல்லியாகிவிட்டது. அன்றைக்குக் கைதட்டிய சீனியர்கள் இந்த மாதம் தங்கள் ஜூனியருக்கு என்ன கொடுத்தார்கள் என்று இங்கே எழுதட்டும்.