சோங் பாங் கதை பேசுகிறவர்களுக்கு

எங்கள் வயது ஆண்கள் நான்கு பேர் காப்பிக்கடையில் உட்கார்ந்தால் போதும். இரண்டாவது பாட்டிலைத் திறப்பதற்குள் பேச்சு சோங் பாங் கம்பத்துக்கு, அதாவது எங்கள் பழைய கிராமத்துக்குப் போய்விடும். அங்கிருந்து சைக்கிள், அப்புறம் காற்பந்து, கடைசியில் "அந்தக் காலம் இனி வராதுப்பா" என்ற பெருமூச்சு. நானும் அந்த மேசையில் உட்கார்ந்து சலிக்காமல் பேசுகிறவன்தான். ஆனால் கொஞ்ச நாளாக அந்தப் பெருமூச்சு எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்று சொல்கிறேன். முதலில் நானும் ஆசை தீரக் கதை பேசிவிடுகிறேன்.

இளையவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இன்று சோங் பாங் என்றால் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் இருக்கும் சந்தையும் உணவுக்கடைகளும்தான் ஞாபகம் வரும். நான் சொல்லும் சோங் பாங் அதுவல்ல. செம்பவாங் சாலையை ஒட்டி, பிரிட்டிஷ் கடற்படைத் தளத்துக்குப் பக்கத்தில் இருந்த கம்பம் அது. 1980களில் எங்களை ஈசூன் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றினார்கள். பெயரையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். தளத்தில் வேலை பார்த்த தமிழர்களும் மலையாளிகளும் அந்தப் பக்கம் நிறைய. 1968இல் கப்பல் பட்டறை செம்பவாங் ஷிப்யார்டாக மாறி, 1971 கடைசியில் பிரிட்டிஷ்காரர்கள் கிளம்பிப் போன பிறகும் அப்பாவுக்கு வேலை நிலைத்தது. சங்கு ஊதியதும் வாசலிலிருந்து சைக்கிள்கள் வெள்ளமாக வெளியே வருமாம். அந்த நேரத்தில் சாலையைக் கடக்க நினைக்கிறவன் முட்டாள் என்பார் அப்பா.

அப்பாவின் சைக்கிள் கறுப்பு ராலே. பின்னால் அகலமான கேரியர், முன்னால் டைனமோ விளக்கு. சீட்டில் உட்கார்ந்தால் எனக்குக் கால் எட்டாது. சட்டத்துக்குள் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுத்தான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கொஞ்சம் வளர்ந்ததும் நாங்கள் பையன்கள் கூட்டமாகக் கடற்கரைக்குப் போவோம். எதிர்க்கரையில் மலேசியாவின் ஜொகூர். படகுத்துறையில் நண்டுக்கு வலை போட்டுவிட்டு மலாய்க்கார அங்கிள்கள் உட்கார்ந்திருப்பார்கள். போகும் வழியெல்லாம் பெர்முடா, கனடா, ஜிப்ரால்டர் என்று சாலைப் பெயர்கள். பாஸ்போர்ட் இல்லாமல் பாதி உலகத்தைச் சுற்றிவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்புவோம்.

வெள்ளைக்கார மாலுமிகளுக்கான பார்கள் செம்பவாங் சாலையில் ஒரு வரிசையாக இருந்தன. பிரிட்டிஷ்காரர்கள் போன பிறகு 1989 வரை நியூசிலாந்துப் படை இங்கேதான் இருந்ததால் வியாபாரம் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. நாங்கள் வெளியே சைக்கிளை நிறுத்தி, கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்ப்போம். சிவப்பு விளக்கு, ஜூக்பாக்ஸ் பாட்டு, குளிர்காற்று, அதற்குள் கதவு மூடிவிடும். அப்பா அந்தப் படியை மிதித்ததே இல்லை. அவருடைய தலைமுறைக்கு முதலில் கள்ளுக்கடை இருந்தது. அரசாங்க உரிமத்தோடு நடந்த கடைகள்தான். 1970களின் முடிவில் அவையும் போய்விட, எல்லாரும் காப்பிக்கடைக்கு மாறினார்கள். எங்கள் ஊர் பப் என்றால் அதுதான்.

அந்தக் கடையை இப்போதும் என்னால் வரைந்து காட்ட முடியும். வட்டமான பளிங்கு மேசை, மரநாற்காலி, மேலே தள்ளாடிக்கொண்டு சுற்றும் மின்விசிறி. பெரிய பாட்டில் டைகர் அல்லது ஆங்கர். வயதானவர்களுக்கு ஸ்டவுட், உடம்புக்கு நல்லது என்று அதற்கு ஒரு மருத்துவக் காரணமும் வைத்திருந்தார்கள். கண்ணாடிக் கோப்பையில் ஐஸ் கட்டி போட்டு மேலே பீரை ஊற்றுவார்கள். ஐரோப்பியர் யாராவது பார்த்தால் மயங்கி விழுந்திருப்பார். காலி பாட்டில்களை யாரும் எடுக்கக் கூடாது. மேசைக்கு அடியில் வரிசையாக நிற்க வேண்டும், கடைசியில் தவுக்கே, அதாவது சீனக் கடை முதலாளி, வந்து குனிந்து எண்ணி ஹொக்கியன் சீனத்தில் தொகை சொல்வார். அப்பா மலாயில் பேரம் பேசுவார். பீரில் பேரம் பேசி யாரும் ஜெயித்ததில்லை, ஆனாலும் பேசுவார்.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. அதை மட்டும் எங்கள் மேசையில் யாரும் எடுப்பதில்லை. சம்பள நாளன்று சாயங்காலம் அம்மா என்னைக் கூப்பிட்டு, "போய் அப்பாவைக் கூட்டிக்கிட்டு வாடா, இருட்டறதுக்குள்ள" என்பார். அப்பாவைக் கூட்டி வருவது பேருக்குத்தான், பத்திரமாக வந்து சேர வேண்டியது சம்பளக் கவர். நான் போய் மேசைக்குப் பக்கத்தில் நிற்பேன். அப்பாவின் நண்பர்கள் எனக்கு ஓர் ஆரஞ்சு கிரஷ் வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துவிடுவார்கள். அதைக் குடித்து முடிக்க நான் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் அவர்களுக்கு இன்னொரு பாட்டில் வந்துவிடும். லஞ்சம்தான், வேறென்ன? என்னைப் போலவே வேறு வீட்டுப் பையன்களும் வேறு மேசைகளுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். எங்களுக்குள் கண் ஜாடையில் ஒரு பேச்சு ஓடும். அம்மா ஒரு நாள்கூட அந்தக் கடையில் உட்கார்ந்ததில்லை. காப்பியைக்கூட டின்னில் கட்டி வாங்கிவரச் சொல்லி வீட்டில்தான் குடிப்பார். "எல்லாரும் ஒண்ணா இருந்தோம்" என்று நாங்கள் சொல்லும்போது அந்த "எல்லாரும்" யார் என்று அம்மாவிடம் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும்.

சரி, காற்பந்துக்கு வருகிறேன்.

கம்பத்தில் கோல் கம்பம் கிடையாது. இரண்டு சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினால் அதுதான் கோல். உதைத்த பந்து சைக்கிளில் பட்டால் மணி "டிங்" என்று அடிக்கும். மணி அடித்தால் கம்பத்தில் பட்டது, கோல் இல்லை என்பது சட்டம். நடுவரே தேவையில்லை. சைக்கிள்காரன் வீட்டுக்குக் கிளம்பினால் கோலும் அவனோடு கிளம்பிவிடும், அதோடு ஆட்டம் முடிந்தது. ஈசூனுக்கு வந்த பிறகு புளோக்கின் கீழ்த்தளத்தில் ஆடினோம். இரண்டு தூணுக்கு நடுவில் அளவெடுத்து வைத்த மாதிரி கோல். சுவரில் அடித்துத் திரும்பும் பந்தைக்கூடப் பாஸாக எடுத்துக்கொள்வோம். அப்புறம்தான் நான்கு மொழிகளிலும் அறிவிப்புப் பலகை வந்தது. பந்தின் மேல் சிவப்புக் கோடு. தமிழிலும் எழுதியிருந்ததால் எங்களுக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

பெரியவர்களுக்கு மலேசியக் கிண்ணம்தான் உயிர். 1977இல் கோலாலம்பூரில் சிங்கப்பூர் பினாங்கை 3-2 என்று வென்ற கதையை அப்பா நேரில் பார்த்தவர் மாதிரி சொல்வார். உண்மையில் பார்த்தது காப்பிக்கடைத் தொலைக்காட்சியில். எஸ். ராஜகோபாலின் வாழைப்பழ உதை எப்படி வளைந்தது என்று ஸ்டவுட் பாட்டிலைச் சுவராகவும் வேர்க்கடலையைப் பந்தாகவும் வைத்துக் காட்டுவார். எங்கள் முறைக்கு வி. சுந்தரமூர்த்தி. 1993இல் புருணைக்கு எதிராக அவர் போட்ட அந்த சைக்கிள் கிக் கோலைப் பார்த்த மறுநாள் தீவெங்கும் எத்தனை பையன்களுக்கு முதுகில் காயம் என்று யாராவது கணக்கெடுத்திருக்க வேண்டும். எங்கள் புளோக்கில் சிமெண்டுத் தரையில் முயன்று பார்த்தவன் ஒருவன் உண்டு, இப்போது தாத்தாவாகிவிட்டான்.

1994 டிசம்பரில் ஷா ஆலமில் இறுதியாட்டம். பகாங்கை 4-0 என்று அடித்தோம், அப்பாஸ் சாட் மட்டும் மூன்று. அந்த வருடம் லீக்கும் நமக்கே, கிண்ணமும் நமக்கே. அன்று ஈசூன் காப்பிக்கடையில் நாற்காலி கிடைக்காமல் பீர்ப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தோம். கணக்கில் கறாரான அந்தத் தவுக்கே அன்றைக்குப் பாட்டிலை எண்ணவே இல்லை. அடுத்த ஆண்டே சிங்கப்பூர் மலேசியப் போட்டிகளிலிருந்து விலகியது. 1996இல் நமக்கே சொந்தமாக எஸ்-லீக் வந்தது, முதல் எட்டுக் குழுக்களில் எங்கள் பக்கத்துச் செம்பவாங் ரேஞ்சர்ஸும் ஒன்று. ஈசூன் விளையாட்டரங்கில் ஆடுவார்கள். ஆசையாகப் போனோம். அப்புறம் கூட்டம் குறைந்தது, 2003 பருவத்தோடு குழுவும் இல்லாமல் போனது. யார் குற்றம் என்று மேசையில் பேசிக்கொண்டிருந்தபோது மேலே தொலைக்காட்சியில் லிவர்பூல் ஆடிக்கொண்டிருந்தது. குற்றவாளிகள் யார் என்று தெரிந்துகொள்ள யாரும் எழுந்துகூடப் போக வேண்டியதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் புளோக்குக்கு எதிரே ஒரு திறந்த திடல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் அங்கே வெளிநாட்டு ஊழியர்கள் வருவார்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம், அப்புறம் பங்ளாதேஷ். பெரும்பாலும் சைக்கிளில்தான் வருகிறார்கள். யாரோ தூக்கிப்போட்டதைச் சரிசெய்து, ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிய சைக்கிள்கள். ஊருக்குத் திரும்புகிறவர் அடுத்து வருகிறவருக்கு விற்றுவிட்டுப் போவார். கூடையில் தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டுப் பொட்டலமும். பைகளைக் குவித்துக் கோல் வைத்து ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு டின் பீர். ஒருவர் போனில் வீட்டுக்கு வீடியோ அழைப்பு போட்டுத் திடலைச் சுற்றிக் காட்டுவார்.

நான் மேலே இவ்வளவு நேரம் வர்ணித்தது இதைத்தானே?

ஆனால் போன மாதம் குடியிருப்பாளர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் மாடியிலிருந்து அவர்களைப் படம் எடுத்துப் போட்டார். "இது என்ன கடற்கரையா? நகர மன்றத்துக்கு எழுதலாம், யார் யார் கையெழுத்துப் போடுகிறீர்கள்?" என்று கேள்வி. வரிசையாகக் கட்டைவிரல்கள். அதில் பாதி, என்னோடு மேசையில் உட்கார்ந்து சோங் பாங்குக்காக உருகுகிறவர்களுடையவை. தமிழர்களும்தான். படத்தைப் போட்டவரின் அப்பாவும் என் அப்பாவும் ஒரே கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர்கள். இரண்டு பேரும் ஊரிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியவர்கள்.

குப்பை போடுகிறார்கள் என்கிறார்கள். போடுகிறார்கள்தான், எல்லாரும் இல்லை, சிலர். திடலில் இருப்பது ஒரே ஒரு குப்பைத் தொட்டி, நாலு மணிக்கே நிரம்பிவிடுகிறது. இன்னும் இரண்டு வைக்கச் சொல்லி எழுதலாமே, அதற்கு நானே முதல் கையெழுத்துப் போடுகிறேன். குடிக்கிறார்கள் என்கிறார்கள். அதற்குச் சட்டம் இருக்கிறது. 2013 டிசம்பரில் தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) நடந்த கலவரத்துக்குப் பிறகு, 2015 ஏப்ரலிலிருந்து இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் எங்கேயும் குடிக்கக் கூடாது. தேக்காவில் சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 வரைக்கும் பொது இடத்தில் முழுத் தடை. வாரத்தில் ஒரே நாள் லீவு உள்ள மனிதருக்கு அந்த ஒரு நாளில்தான் தடை என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எங்கள் திடலில் அவர்கள் சாயங்காலம் ஏழு மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள், மறுநாள் விடியற்காலையில் லாரி வரும். பத்தரைக்கு மேல் கீழே சத்தம் கேட்டால் அது பெரும்பாலும் எங்கள் காப்பிக்கடை மேசைதான்.

இன்னொரு குற்றச்சாட்டு, நடைபாதையில் சைக்கிள் ஓட்டுகிறார்கள் என்பது. மணிக்கு 10 கிலோமீட்டருக்குள் நடைபாதையில் ஓட்டலாம், அதுதான் விதி. அந்தத் துருப்பிடித்த சைக்கிளை அதற்கு மேல் ஓட்டவும் முடியாது. காலையில் பல ஆயிரம் வெள்ளி சைக்கிளில் இறுக்கமான உடை போட்டு மண்டாய் பக்கம் பறக்கிறவர்களைப் பற்றி அந்தக் குழுவில் யாரும் படம் போட்டதில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, என் மருமகனும் அதில் ஒருவர்தான்.

கம்பத்து உணர்வு போய்விட்டது என்று ஒவ்வொரு தேசிய தினத்துக்கும் அழுகிறோம். அது எங்கேயும் போகவில்லை. தெரியாதவர்களோடு சேர்ந்து உட்காருவது, கையில் இருப்பதை வைத்து விளையாடுவது, ஓர் ஊர்க்காரர் இன்னோர் ஊர்க்காரருக்குச் சைக்கிளை விட்டுக்கொடுப்பது எல்லாம் ஞாயிறுதோறும் எதிர்த் திடலில் நடக்கிறது. அதைச் செய்கிறவர்களுக்கு இங்கே வீடு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நமக்கு அது பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் இருந்தால் பிடிக்கிறது, மாடியிலிருந்து எட்டிப் பார்த்துத் தெரிந்தால் பிடிக்கவில்லை.

குழுவில் இதைத்தான் கொஞ்சம் சுருக்கமாக எழுதினேன். ஒருவர் "உணர்ச்சிவசப்படாதீர்கள் அண்ணே" என்றார். இன்னொருவர் குழுவைவிட்டே விலகிவிட்டார். அம்மா இருந்திருந்தால் இரண்டு கட்சியையும் கேட்டுவிட்டு, "குடிக்கறவனுங்க சண்டையில நான் எதுக்கு?" என்று சொல்லியிருப்பார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

மனு தயாராகிவிட்டதாகக் கேள்வி, அடுத்த வாரம் வீடு வீடாகக் கொண்டுவரப்போகிறார்களாம். ஆறாவது மாடிவரைக்கும் வாருங்கள், ஐஸ் போட்ட பீர் தருகிறேன். பேனா மட்டும் தர மாட்டேன்.