மாத்திரை சாப்பிடுவது பக்திக் குறைவு அன்று

ஞாயிற்றுக்கிழமை நம் கோயில் கூடத்தில் பேசப்பட்டதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளைகளுக்குப் பக்தி போதவில்லை, காவடி விரதம் முடியும்வரையாவது அதை விட்டுவிட்டு முருகனை நம்பட்டும் என்றார் ஒரு பெரியவர். கூடம் கைதட்டியது. எனக்கு வயிறு எரிந்தது.

மருத்துவரைக் கேட்காமல் எந்தப் பிள்ளையும் அந்த மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது. என் அக்கா மகளுக்கு பள்ளி இறுதி வகுப்பான மெட்ரிக் படிக்கும்போது செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். குணம் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்று மருத்துவர் சொன்னபடியே, மெல்ல மெல்லத்தான் அவள் ஒழுங்காகச் சாப்பிடவும் தூங்கவும் தொடங்கினாள். போன ஆண்டு விரதத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு ஒரே நாளில் நிறுத்திவிட்டாள். தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற வெட்டு, விடிய விடிய விழிப்பு. சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "சாமி என்னைத் தண்டிக்குதா, மாமா?" என்று கேட்டாள். மருந்தைச் சட்டென்று நிறுத்தியதால் வந்த தொல்லையைத் தெய்வக் குற்றம் என்று நினைக்கும்படி அவளை ஆக்கியது யார்?

அந்த மாத்திரையே இளைஞர்களுக்குத் தற்கொலை எண்ணத்தைத் தூண்டும் என்பார்கள் சிலர். 2004-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்கும் அந்த எச்சரிக்கையைக் கட்டம் கட்டி அச்சிட வைத்தது உண்மை. 2007-இல் அதை 24 வயது வரை நீட்டியதும் உண்மை. தொடங்கும் வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் பிள்ளையை அருகிலிருந்து கவனியுங்கள் என்றுதான் அது சொல்கிறது. விரதத்துக்காக நிறுத்துங்கள் என்று எங்கும் சொல்லவில்லை. எல்லாச் சோர்வுக்கும் மாத்திரையா என்பது நியாயமான கேள்விதான். இலேசான சோர்வுக்குப் பேச்சுவழிச் சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும், ஒலிபெருக்கி வேண்டாம்.

கரும்புத் தோட்டத்தில் நம் பாட்டன்மார் மாத்திரையா சாப்பிட்டார்கள் என்று கேட்பவர்களிடம் பொறுமையாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. 1860 முதல் கூலி ஒப்பந்தத்தில் இந்தத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்தவர்களில் எத்தனையோ பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். அது பதிவேடுகளில் இருக்கிறது. பிழைத்தவர்களின் உறுதியை மேடைதோறும் போற்றுகிறோம், போனவர்களைப் பற்றி வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்தைத்தான் இன்று பிள்ளைகள்மீதும் சுமத்துகிறோம். அதனால்தான் நம்மவர்கள் நிறைந்த டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் எத்தனையோ பிள்ளைகள் மாத்திரை அட்டையைப் பள்ளிப் பைக்குள் ஒளித்து வைக்கிறார்கள்.

என் அக்கா மகளிடம் சொல்லிவிட்டேன்: வேளை தவறாமல் மாத்திரையைப் போட்டுக்கொள், பிறகு பால்குடம் எடு. அதில் குற்றம் இருந்தால் முருகன் என்னைக் கேட்கட்டும். அவளை எவரும் கேட்க வேண்டாம்.