நடப்பவனுக்கு மட்டும் பூட்டு

போன ஞாயிறு காலை ஏழரை மணிக்கு எங்கள் சேலத்து ஏற்காடு அடிவாரத்தில் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தேன். மலையேறும் வண்டிகளைச் சும்மா எண்ண ஆரம்பித்தேன். டீ தீருவதற்குள் அறுபதைத் தாண்டிவிட்டது, அப்புறம் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். ஒரு காரின் கூரை ஜன்னலில் இரண்டு பையன்கள் இடுப்பு வரை வெளியே நின்று கத்திக்கொண்டு போனார்கள். உள்ளே ஓடிய பாட்டு கன்னங்குறிச்சிக்கே கேட்டிருக்கும். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று ஒரு பார்வை. அவ்வளவுதான், 20 கொண்டை ஊசி வளைவும் அவர்களுடையது.

அங்கிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு ஒற்றையடிப் பாதை இருக்கிறது. ரோடு வருவதற்கு முந்தைய பாதை என்று ஊரில் சொல்வார்கள். மலைமேல் இருக்கும் மேலூர்க்காரர்கள் பலாப்பழத்தையும் ஆரஞ்சையும் தலைச்சுமையாக அதன் வழியேதான் இறக்குவார்கள் என்று என் பெரியம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அடிவாரத்துக் கன்னங்குறிச்சியில் பொழுது விடியும்போது அவர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்களாம். இன்றைக்கு அதே பாதையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் தொப்பியுமாக நான் நடந்தால் அது அத்துமீறல். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைந்த குற்றம்.

நுழைந்தும் இருக்கிறேன். 2019-இல் நானும் ஒரு நண்பரும் தெரிந்தே போனோம். அரை மணி நேரம்கூட ஏறியிருக்க மாட்டோம், பாறை ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்த வனத்துறை வாட்சர் தம்பி எழுந்து வந்தார். மலையாளி இளைஞர், முப்பது வயதுக்குள் இருக்கும். (வெளியூர் நண்பர்களுக்காக: ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை, கல்வராயன், கொல்லிமலைப் பழங்குடிகளுக்கு மலையாளி என்றுதான் பெயர். கேரளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. பேசுவது தமிழ்.) அவர் அதட்டவில்லை, ஃபைன் போடவில்லை. "போயிடுங்கண்ணா" என்றார். என் நண்பர் வக்கீல் மாதிரி வாதாடினார், நாங்கள் குப்பை போட மாட்டோம், சிகரெட் கிடையாது, மதியத்துக்குள் இறங்கிவிடுவோம் என்று. அதற்கு அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நீங்க ரெண்டு பேரு நடந்தா காட்டுக்கு ஒண்ணும் ஆவாதுண்ணா. நீங்க போட்டோ போடுவீங்க, அடுத்த வாரம் நாப்பது பேரு வருவான். அதுல ஒருத்தன் பீடி குடிப்பான்."

பதில் இல்லை. இறங்கிவிட்டோம்.

அதற்கு முந்தைய வருடம்தான் குரங்கணி நடந்திருந்தது. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம், காய்ந்த புல் நிற்கும் மலைச்சரிவு, காட்டுத்தீ. மலையேறப் போனவர்களில் 23 பேர் செத்துப்போனார்கள். சென்னைப் பிள்ளைகள், பக்கத்து ஈரோடு, திருப்பூர்ப் பிள்ளைகள். அதற்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே கொண்டுவந்தது. குறிப்பிட்ட பாதைகளில் மட்டும், கட்டணம் கட்டி, வழிகாட்டியோடு, தீக்காலம் தவிர்த்து. அந்த விதிகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குரங்கணி கற்றுக்கொடுத்த பாடம் தீக்காலத்தைப் பற்றியது, சரிவில் நிற்கும் புல்லைப் பற்றியது, ஆபத்தில் இறங்கி ஓட வழி தெரிவதைப் பற்றியது. நாம் எடுத்துக்கொண்டதோ, நடப்பவனே ஆபத்தானவன் என்று.

இந்தப் பார்வை 2018-இல் பிறந்ததும் இல்லை. சென்னை மாகாணத்தில் வனத்துறை 1856-இல் ஆரம்பித்தது, மரத்துக்காக. 1882-இல் வந்த சென்னை வனச் சட்டம்தான் பெயர் மாறி இன்றும் நம்மிடம் நடைமுறையில் இருக்கிறது. காடு சர்க்காரின் மரக்கிடங்கு, உள்ளே வருகிறவன் எதையோ எடுக்க வருகிறான் என்பது அதன் அடிப்படை. நம் சேலத்தில் அது வெறும் பழைய கதையும் அல்ல. சேர்வராயன் மலையில் சந்தன மரம் இருந்தது. சேலத்தில் வனத்துறைக்குச் சந்தனக் கிடங்கே இருக்கிறது. எண்பது, தொண்ணூறுகளில் இந்தப் பக்கத்துக் காடுகளில் கோடாரியோடு போனவர்கள் எத்தனை பேர் என்று வயதான ஃபாரஸ்ட் கார்டுகளைக் கேட்டால் சொல்வார்கள். மேட்டூர் பக்கம் போனால் வீரப்பன் காலம் வேறு. 2004 அக்டோபர் வரைக்கும் காட்டுக்குள் முகம் தெரியாத ஒருவன் நடந்தால் சந்தேகப்படாமல் இருக்க முடியுமா? அப்படியே இரண்டு தலைமுறை பழகிவிட்ட துறை. இப்போது உள்ளே வர விரும்புகிறவன் பறவை பார்க்க பைனாகுலரோடு வருகிறான், ஆனால் சாவடியின் பழக்கம் மாறவில்லை.

சரி, கொஞ்சம் மாறியிருக்கிறது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று தொடங்கினார்கள். தமிழ்நாடு வன அனுபவக் கழகம் நடத்துகிறது. மாநிலம் முழுக்க 40 பாதைகள், ஆன்லைனில் பதிவு, உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையே வழிகாட்டியாக அனுப்புகிறார்கள். சேலம் மாவட்டத்துக்குக் குண்டூர், நாகலூர் என்று இரண்டு பாதைகள். பிப்ரவரி நடுவில் தீக்காலம் என்று மூடிவிட்டு ஏப்ரல் பாதியில் திறக்கிறார்கள். நல்ல வேலை, மனசார சொல்கிறேன். ஆனால் நான்கு பேர் உள்ள ஒரு குடும்பம் அதற்குக் கட்டும் பணத்தில், அதே குடும்பம் காரில் ஏறி ஏற்காடு போய், படகுத்துறையைப் பார்த்து, பஜ்ஜி சாப்பிட்டு, பெட்ரோலும் போட்டுக்கொண்டு திரும்பலாம் என்பது என் கணக்கு. எங்கள் தெருவில் ஒருவரும் இதுவரை நடந்ததில்லை. ஏற்காட்டுக்குக் காரில் போகாத வீடும் இல்லை.

இங்கேதான் என் வாதம். சேர்வராயன் மலையில் காட்டைத் தொந்தரவு செய்வது எது, கால்களா சக்கரங்களா?

காட்டுமாட்டை எடுத்துக்கொள்வோம். (பேப்பரில் காட்டெருமை என்றே எழுதுகிறார்கள். எருமை வேறு, இது வேறு. மாட்டினம்தான், காட்டுமாடு என்றால் பொருத்தமாக இருக்கும்.) நன்றாக வளர்ந்த காளை ஒரு டன்னைத் தொடும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்குக் கொடுத்த அதே பாதுகாப்பு. சேர்வராயனில் இவை தனியே ஒரு மூலையில் வாழ்வதில்லை, வாழவும் முடியாது. காரணம் இந்த மலையின் அமைப்பு. 1820 வாக்கில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்ததிலிருந்து மலையின் மேல்தளம் பெரும்பகுதி எஸ்டேட் ஆகிவிட்டது. சரிவுகளில் காப்புக்காடு, நடுநடுவே மலைக் கிராமங்கள், அவர்களுடைய வயல், கோயில் காடு. இன்னும் சரணாலயம் என்று அறிவிக்கப்படாத மலை. பட்டா நிலத்திலும் மரம் வெட்ட 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பதால்தான் காப்பிக்கு மேலே நிழல் மரங்கள் பிழைத்து நிற்கின்றன, அந்த நிழலில்தான் காட்டுமாடு வெயிலைக் கழிக்கிறது. மாலையில் தண்ணீருக்கு இறங்க வேண்டுமென்றால் ரோட்டைக் கடக்க வேண்டும். கோடையில் சரிவில் தண்ணீர் இருக்காது, தினமும் கடக்க வேண்டும்.

இப்போது கோடை விழா நாளில் அந்த ரோட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு மாடு ரோட்டோரம் தலையை நீட்டினால் எட்டு கார் நிற்கும், எட்டு காரிலிருந்தும் செல்போன் நீளும், ஒருத்தர் இறங்கி செல்ஃபி எடுப்பார். ஹாரன். மாடு மிரண்டு திரும்பி எஸ்டேட்டுக்குள் ஓடும். அங்கே காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்கள் இருப்பார்கள். வேலைக்குப் போனவரைக் காட்டுமாடு முட்டியது என்று செய்தி வரும்போது அந்த மாட்டை மிரட்டியது யார் என்று யாரும் எழுதுவதில்லை.

நடப்பவனும் தொந்தரவுதான், சூழலியல் நண்பர்கள் சொல்வது சரி. மனித வாடை, பேச்சு, நாய் எல்லாமே விலங்குக்கு இடைஞ்சல். அதனால் நான் "எல்லாப் பாதையையும் திறந்துவிடு" என்று கேட்கவில்லை. சில ஓடைகளுக்கு யாருமே போகக் கூடாது, நானும் போகக் கூடாது. திருமணிமுத்தாறும் சரபங்காவும் வாணியாறும் இந்த மலையில்தான் பிறக்கின்றன. சேலத்துக்குள் வந்த பிறகு திருமணிமுத்தாற்றின் கதி நமக்கே தெரியும், பிறக்கும் இடத்திலாவது நிம்மதியாக இருக்கட்டும். ஆனால் மூடுவதென்றால் காரணத்தோடு மூடுங்கள். இன்ன இடம், இன்ன மாதத்திலிருந்து இன்ன மாதம் வரை, இன்ன காரணத்தால், தமிழில் ஒரு பலகை. "அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவர்" என்ற ஒரே வரியை எத்தனை காலம்தான் படிப்பது? காட்டுமாடு கன்று போடும் இடம் என்று எழுதியிருந்தால் நான் 2019-இல் அந்தப் பாதையில் கால் வைத்திருக்க மாட்டேன்.

வண்டிகளுக்கும் கணக்கு வேண்டும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உயர்நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று உச்சவரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6000, வார இறுதியில் 8000. ஓட்டல்காரர்கள் கத்தினார்கள், கடைக்காரர்கள் கத்தினார்கள். அவர்கள் பிழைப்பு அவர்களுக்கு, நியாயம்தான். ஏற்காட்டிலும் வியாபாரம் செய்யும் உறவினர் எனக்கு இருக்கிறார், இதைப் படித்ததும் போன் வரும். ஆனால் ஊட்டியோடு ஒப்பிட்டால் கையளவு மலை இது. எத்தனை வண்டி தாங்கும் என்று ஒரு தடவையாவது எண்ணிப் பார்க்கக் கூடாதா? தடை போடுவது அப்புறம், முதலில் எண்ணுங்கள். டீக்கடையில் நின்று நான் எண்ணியதைவிட ஒழுங்காக.

எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. இந்த மலையில் யார் நடக்கலாம், யார் நடக்கக் கூடாது என்ற பேச்சில் அங்கேயே பிறந்தவர்களை நாம் கேட்பதே இல்லை. 2006 வன உரிமைச் சட்டத்தை விறகு பொறுக்கும் உரிமை, பட்டா என்ற அளவில்தான் பலரும் பேசுகிறோம். அதன் 5-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். சமூக வன வளத்துக்குள், அதாவது ஊரே சேர்ந்து பயன்படுத்தும் காட்டுக்குள், யார் நுழையலாம் என்பதை ஒழுங்குபடுத்தவும், வன உயிர்களுக்குக் கேடு செய்யும் எந்த வேலையையும் நிறுத்தவும் கிராம சபை எடுக்கும் முடிவுக்குச் சட்ட பலம் கொடுக்கிறது அது. அதாவது மேலூர் சபை கூடி "இந்தப் பாதையில் நாளைக்கு இருபது பேர், எங்கள் ஆளோடு, மாசி பங்குனியில் யாரும் கிடையாது" என்று முடிவு செய்ய வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் அந்தச் சட்டம் நீதிமன்றத் தடையால் பல வருடம் முடங்கி, 2016-க்குப் பிறகுதான் நகர ஆரம்பித்தது. நகர்ந்ததும் பெரும்பாலும் தனிநபர் பட்டா வரைக்கும்தான். சமூக உரிமை என்றால் துறைக்குக் கொஞ்சம் கைநடுக்கம்.

ஏன் நடுங்க வேண்டும்? 'பீட்' என்று பிரித்திருக்கும் பெரிய காட்டுப் பரப்புக்கு ஒரு ஃபாரஸ்ட் கார்டு. தீக்காலத்தில் பச்சைக் கொப்பை ஒடித்து அடித்துத் தீயணைக்கப் போவது அந்த ஊர்ப் பையன்கள்தான், பெரும்பாலும் தற்காலிகச் சம்பளத்தில். தீ வைத்தவன் யார், எந்தப் பக்கம் காற்று அடிக்கும், எங்கே ஊற்று இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். கோடையில் தீ அணைக்க மட்டும் அவர்களைக் கூப்பிட்டுவிட்டு, ஐப்பசியில் யாரை உள்ளே விடலாம் என்று முடிவு செய்யும்போது மறந்துவிடுகிறோம். நடைபாதைக் கட்டணத்தில் ஒரு பங்கு கிராம சபைக் கணக்கில் நேரே விழட்டும், அந்தப் பாதையை எந்த ரேஞ்சரையும்விட அவர்கள் நன்றாகக் காப்பார்கள். ஏனென்றால் அதே பாதையில்தான் அவர்கள் சேர்வராயன் சாமியைக் கும்பிடப் போகிறார்கள்.

அந்த வாட்சர் தம்பியைப் போன வாரம் அஸ்தம்பட்டியில் ஒரு பஞ்சர் கடையில் பார்த்தேன். எனக்கு முகம் ஞாபகம் இருந்தது, அவருக்கு இல்லை. எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பார், என்னை எங்கே நினைவு வைத்துக்கொள்வது. பழைய கதையைச் சொன்னதும் சிரித்தார். இப்போதும் அதே வேலைதானாம், இன்னும் நிரந்தரம் ஆகவில்லையாம்.

"இந்த வருஷம் உங்க பக்கம் தீ எத்தனை இடத்துல?" என்று கேட்டேன்.

"மூணுண்ணா."

"நடக்கப் போனவங்களா?"

டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்த கடைக்காரரைப் பார்த்தபடியே சொன்னார். "மூணுமே ரோட்டோரம்ணா."